மசோதா சட்டமாகும் முன்: வக்கீலை எந்தக் கட்டத்தில் இறக்குவது?

நான் வக்கீல். போன வருடம் என் கட்சிக்காரர் ஒருவர், அதாவது என்னிடம் ஆலோசனைக்கு வருபவர், செய்தித்தாள் துண்டை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். வீட்டு உபயோகச் சாதனங்கள் தயாரிப்பவர். மத்திய அரசு கொண்டுவர இருக்கும் ஒரு மசோதாவின் வரைவு பற்றிய செய்தி அது. "சார், இதுக்கு ஸ்டே வாங்கிடலாமா?" என்றார்.

வாங்க முடியாது. மசோதா இன்னும் சட்டம் ஆகவில்லை. இல்லாத சட்டத்துக்கு எந்த நீதிமன்றமும் தடை கொடுக்காது. இந்தச் சட்டத்தை இயற்று, இயற்றாதே என்று நாடாளுமன்றத்துக்கு உத்தரவு போடவும் செய்யாது. இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி வந்தது. "அப்போ எம்.பி. யாரையாவது போய்ப் பார்க்கலாமா?"

இந்த இரண்டு கேள்விகளும் எல்லாருக்கும் வருபவைதான். இரண்டுமே பெரும்பாலும் தப்பான இடத்தில் பணத்தையும் நேரத்தையும் கொட்ட வைப்பவை. மசோதா சட்டமாவதற்குள் உள்ளே நுழைய நான்கு இடங்கள் இருக்கின்றன: அமைச்சகம் வரைவை வெளியிடும்போது, நாடாளுமன்றக் குழு ஆராயும்போது, அவையில் விவாதம் நடக்கும்போது, சட்டம் வந்தபின் விதிகள் எழுதும்போது. நாலாவது, கணக்குப்படி சட்டம் நிறைவேறிய பிறகு வருவது. ஆனால் சட்டம் கடிக்குமா கடிக்காதா என்பது பாதி அங்கேதான் முடிவாகிறது என்பதால் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

வரைவு மேசையில் இருக்கும்போது

2014இல் மத்திய அரசு ஒரு கொள்கை வகுத்தது. எந்த மசோதாவானாலும் அதன் வரைவையோ முக்கிய அம்சங்களையோ குறைந்தது 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் அமைச்சகத்தின் இணையதளத்தில் போட வேண்டும் என்பது அதன் சாரம். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது கொள்கைதான், சட்டம் அல்ல. மீறினால் கேட்க ஆள் இல்லை.

எப்படி மீறப்படுகிறது என்பதற்கு எங்கள் தொழிலிலேயே உதாரணம் உண்டு. வழக்கறிஞர்கள் சட்டத் திருத்த மசோதாவின் வரைவு 2025 பிப்ரவரி 13 அன்று வெளியானது. கருத்துச் சொல்லக் கடைசி நாள் பிப்ரவரி 28. எண்ணிப் பாருங்கள், 15 நாட்கள். 2022 நவம்பரில் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா வரைவுக்கு நாட்கள் போதுமான அளவு கிடைத்தன, பிறகு நீட்டிப்பும் கிடைத்தது. ஆனால் யார் என்ன கருத்துச் சொன்னார்கள் என்பதை வெளியிட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். போட்டி நிறுவனம் என்ன கேட்டது என்று தெரியாமலேயே நம் மனுவை எழுத வேண்டியிருந்தது.

இத்தனை குறை இருந்தும், நான்கில் எது வலுவானது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். காரணம் எளிது. இந்தக் கட்டத்தில் அந்த வாசகத்துக்கு இன்னும் பெரிய சொந்தக்காரர் யாரும் இல்லை. இணைச் செயலாளர் நிலையில் இருப்பவர் ஒரு சொல்லை அடித்து வேறு சொல் எழுதினால் யாருக்கும் கௌரவக் குறைச்சல் கிடையாது. அமைச்சரவை ஒப்புதல் கிடைத்துவிட்டால் கதையே மாறிவிடும். அதன்பிறகு சாரமான எந்த மாற்றமும் மறுபடி அமைச்சரவைக்குப் போய் வர வேண்டும். அந்தக் கோப்பைத் திரும்ப மேலே அனுப்ப எந்த அதிகாரிக்கும் மனசு வராது.

இங்கே வக்கீல் என்ன செய்கிறார்? வாதாடுவதில்லை. எனக்கே இது புரியச் சில வருடங்கள் ஆயின. முதன்முதலில் ஒரு சங்கத்துக்காக நான் எழுதிக்கொடுத்த மனு நாற்பது பக்கம். அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு (சமத்துவம்), 19(1)(ஜி) (தொழில் செய்யும் உரிமை), உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பன்னிரண்டு. சங்கச் செயலாளரும் நானும் நேரில் கொண்டுபோனோம். அந்த அதிகாரி முதல் இரண்டு பக்கம் புரட்டினார், கடைசிப் பக்கம் பார்த்தார், மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "எந்த ஷரத்தில் எந்த வார்த்தையை மாற்றணும்?" நாற்பது பக்கத்தில் அது எங்கேயும் இல்லை.

அன்றிலிருந்து நாலு கட்டம் போட்ட ஒரு தாள்தான். ஷரத்து எண், இப்போதுள்ள வாசகம், நாங்கள் கேட்கும் வாசகம், ஏன். கடைசிக் கட்டத்தில் ஐந்து வரிக்கு மேல் போகக் கூடாது என்று என் ஜூனியர்களிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன். தீர்ப்புகள் வேண்டுமென்றால் பின்னிணைப்பில் போடலாம், படிக்கிறவர் படிப்பார்.

சாதனத் தயாரிப்பாளருக்கு வருவோம். அவர் பயந்த ஷரத்து இதுதான்: குறை தெரிந்த 7 நாட்களுக்குள் சந்தையிலிருந்து சரக்கைத் திரும்பப் பெற வேண்டும். அவருக்கு உறுத்தியது 7 என்ற எண். எனக்கு உறுத்தியது 'தெரிந்த' என்ற சொல். யாருக்குத் தெரிந்த? ஏதோ ஊரில் ஒரு கடைப் பையனிடம் வாடிக்கையாளர் முணுமுணுத்துவிட்டுப் போனால், அன்றே தயாரிப்பாளருக்குத் தெரிந்ததாகக் கணக்கா? 7ஐ 30 ஆக்கினாலும் அந்தச் சொல் அப்படியே இருந்தால், கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்றே அவரால் சொல்ல முடியாது. அதனால் நாங்கள் கேட்டது: 'தயாரிப்பாளருக்கு எழுத்துமூலம் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்கள்.' மசோதாவையே வேண்டாம் என்று கேட்டிருந்தால் அந்தத் தாள் குப்பைக்குப் போயிருக்கும். சொல்லை மாற்றச் சொன்னதால் குறைந்தபட்சம் கோப்பில் ஏறியது.

நீதிமன்றத்துக்கு இந்தக் கட்டத்தில் வேலையே இல்லையா என்றால், ஒரு சின்ன வேலை உண்டு. உள்ளடக்கத்தை எதிர்த்துப் போக முடியாது. கருத்துக் கேட்கும் முறை சரியில்லை என்று சில நேரம் போகலாம். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தபோது நாடே ஊரடங்கில் இருந்தது. வரைவும் எல்லா மொழியிலும் இல்லை. அது மசோதா இல்லை, அறிவிக்கைதான். டெல்லி உயர் நீதிமன்றம் கால அவகாசத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டியதோடு, அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொன்னது. கருத்துகள் லட்சக்கணக்கில் குவிந்தன. அந்த வழக்கு வரைவில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. கருத்து எழுத முடிந்தவர்களின் எண்ணிக்கையை மாற்றியது. இந்த வித்தியாசத்தைக் கட்சிக்காரருக்கு முதலிலேயே புரியவைத்துவிட வேண்டும்.

குழுவுக்குப் போனால்

நாடாளுமன்றத்தில் மசோதாக்களை ஆராயும் துறைசார் நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேருமாக 31 உறுப்பினர்கள். கேமரா கிடையாது, கதவு மூடியிருக்கும். கட்சிக் கொறடா உள்ளே வருவதில்லை. அதனாலேயே எம்.பி.க்கள் அங்கே அவையில் பேசுவதைவிடச் சுதந்திரமாகக் கேள்வி கேட்கிறார்கள். மசோதா குழுவுக்குப் போனதும் கருத்துக் கேட்டு விளம்பரம் வரும். மனுவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ கொடுக்கச் சொல்வார்கள். (தமிழில் எழுதி அனுப்பியவர்களை அறிவேன், நான் மொழிபெயர்த்தே அனுப்புவேன். கோபம் வேறு, கட்சிக்காரர் காரியம் வேறு.) நேரில் சாட்சியம் சொல்ல விரும்பினால் அதை மனுவிலேயே குறிப்பிட வேண்டும். இதை மறந்துவிட்டுப் பிறகு அழைப்பு வரவில்லையே என்று புலம்பும் சங்கங்கள் ஏராளம். இன்னொன்று, கொடுத்த மனு குழுவின் ஆவணமாகிவிடும். அறிக்கை தாக்கலாவதற்கு முன் அதைப் பத்திரிகைக்குக் கொடுத்தால் நாடாளுமன்ற உரிமை மீறல் பிரச்சினை வரும்.

குழு நன்றாக வேலை செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வருமான வரி மசோதாவைவிட நல்ல உதாரணம் சமீபத்தில் இல்லை. 2025 பிப்ரவரி 13 அன்று தாக்கலாகி, அதை ஆராயவென்றே அமைத்த மக்களவைத் தேர்வுக் குழுவுக்குப் போனது. அதில், கெடு தாண்டிக் கணக்குத் தாக்கல் செய்தவருக்கு ரீஃபண்ட் கிடைக்காது என்ற பொருள் வரும்படி ஒரு ஷரத்து இருந்தது. வருமானத்தில் வரிப் பிடித்தம் மட்டும் செய்யப்பட்டு, வரியே கட்ட வேண்டியிராத சின்ன ஆட்களைத்தான் அது முதலில் அடித்திருக்கும். அதை எடுத்துவிடச் சொன்னது குழு. மொத்தம் 285 பரிந்துரைகளோடு ஜூலை 21 அன்று அறிக்கை வந்தது. அரசு பழைய மசோதாவைத் திரும்பப் பெற்று, ஆகஸ்ட் 11 அன்று புதிதாகக் கொண்டுவந்தது. அந்த ஷரத்து அதில் இல்லை.

வாடகைத்தாய் மசோதாவும் அப்படித்தான். நெருங்கிய உறவினர் மட்டுமே வாடகைத்தாயாகலாம் என்றிருந்ததை, விருப்பமுள்ள பெண் என்று மாற்றச் சொன்னது மாநிலங்களவைத் தேர்வுக் குழு. காப்பீட்டுக் காலத்தை 16 மாதத்திலிருந்து 36 மாதமாக்கவும் சொன்னது. 2021 சட்டத்தில் இரண்டும் இடம்பெற்றன. நடைமுறையிலிருந்து பேசுகிறவர்கள் சொன்னால் குழு காதுகொடுக்கிறது. வக்கீல் மனுவை எழுதலாம். சாட்சி நாற்காலியில் உட்கார வேண்டியது தொழில் தெரிந்தவர். அங்கே நான் பேசினால் சட்டம் பேசுவேன். கட்சிக்காரர் பேசினால், திருச்சிக் கிடங்கிலிருந்து குவாஹாட்டிக்குப் போன சரக்கு திரும்பி வர எத்தனை நாள் ஆகும் என்று சொல்வார். எது எடுபடும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் இந்த வழியை நம்பித் திட்டம் போட முடியாது. 15ஆவது மக்களவைக் காலத்தில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவது மக்களவையில் அது 16 சதவீதம். குழுவுக்குப் போவது இப்போது விதி அல்ல, விதிவிலக்கு. போனாலும் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. 2019 தரவுப் பாதுகாப்பு மசோதாவை இரு அவைகளின் கூட்டுக் குழு இரண்டு வருடம் ஆராய்ந்து 81 திருத்தங்கள் சொன்னது. அரசு 2022 ஆகஸ்டில் மசோதாவையே திரும்பப் பெற்றுக்கொண்டது. இரண்டு வருடம் மனுவும் சாட்சியமுமாக அலைந்தவர்கள் மறுபடி முதல் படியிலிருந்து ஆரம்பித்தார்கள். எண்ணிக்கையும் உதவாது. வக்ஃபு திருத்த மசோதாவுக்கான கூட்டுக் குழுவுக்கு வந்த மனுக்கள் 97 லட்சத்துக்கு மேல். அத்தனையையும் 31 பேர் படிக்க முடியாது என்பதற்குக் கணக்கு வேண்டியதில்லை.

எம்.பி.யைப் பார்ப்பது

கட்சிக்காரர்களுக்கு மிகவும் பிடித்த வழி இது. எனக்கு மிகவும் குறைவாகப் பிடித்தது.

அவையில் திருத்தம் கொடுக்கலாம், ஷரத்து ஷரத்தாக வாக்கெடுப்பும் நடக்கும். ஆனால் அரசு ஏற்காத திருத்தம் ஜெயிப்பது அபூர்வம். நேரமும் கிடைக்காது. இணையவழி விளையாட்டு மசோதா 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் தாக்கலாகி அன்றே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை, அதற்கு மறுநாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல். பெரிய பெரிய நிறுவனங்கள், பெரிய பெரிய வக்கீல்கள். செய்தி தெரிந்து விமான டிக்கெட் போடுவதற்குள் சட்டம் ஆகிவிட்டது. பிறகு நீதிமன்றத்துக்குத்தான் ஓடினார்கள்.

எம்.பி.யால் பிரயோஜனமே இல்லை என்று சொல்லவில்லை. பிரயோஜனம் வேறு இடத்தில் இருக்கிறது. விவாதத்தில் அவர் எழுந்து, "குறை தெரிந்த நாள் என்றால் தயாரிப்பாளருக்குத் தெரிவித்த நாளா?" என்று கேட்டு, அமைச்சர் "ஆம்" என்று அவைக் குறிப்பில் ஏறும்படி பதில் சொன்னால், அது தங்கம். சட்ட வாசகம் மயக்கமாக இருந்தால் நாளைக்கு நீதிமன்றத்தில் அந்த பதிலைக் காட்டலாம். பார்த்துக்கொள்கிறோம் என்று அமைச்சர் சொன்னால்கூட அது உறுதிமொழி. அதை விரட்டிப் பிடிக்கவென்றே அரசு உறுதிமொழிக் குழு ஒன்று இருக்கிறது. ஒரு கேள்வியை இரண்டு வரியில் எழுதிக் கொடுப்பதுதான் இங்கே வக்கீலின் வேலை.

அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா என்ற நீண்ட வழியும் உண்டு. சுதந்திரத்துக்குப் பின் இதுவரை 14தான் சட்டமாகியிருக்கின்றன, கடைசியானது 1970இல். ஆனால் திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறியதும், அரசு தானாகவே ஒரு மசோதா கொண்டுவர வேண்டிய நெருக்கடி வந்தது. வந்த மசோதா அவர் கேட்டது போலவா இருந்தது என்பது வேறு கதை. பத்து வருடம் பொறுக்கக்கூடிய இயக்கங்களுக்கு இது சரிப்படும். அடுத்த காலாண்டுக் கணக்கைப் பார்க்கும் தொழிலதிபருக்குச் சரிப்படாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அறைக்கதவைச் சாத்திவிட்டுக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1995 சட்டப்படி லாபி செய்பவர், அதாவது சட்டம் இயற்றுவோரிடம் பிறருக்காகப் பேசுபவர், பதிவு செய்துகொண்டு, யாருக்காக, எதற்காக என்று கணக்குக் காட்ட வேண்டும். நம் நாட்டில் அப்படிப் பதிவுச் சட்டம் எதுவும் இல்லை. சட்டம் இல்லை என்றால் தடையும் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். ஊழல் தடுப்புச் சட்டம் 2018 திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பவரையும், கொடுத்தவர் சார்ந்த நிறுவனத்தையும் நேரடியாகப் பிடிக்கிறது. அவையில் பேச, ஓட்டுப் போடப் பணம் வாங்கிய உறுப்பினருக்குப் பாதுகாப்பு இல்லை என்று 2024 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. "காரியம் முடிஞ்சா இவ்வளவு" என்று ஃபீஸ் பேசும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். நான் நேரத்துக்குத்தான் ஃபீஸ் வாங்குகிறேன். ஜெயிப்பதற்கு வாங்க ஆரம்பித்தால் எனக்கே என் ஆலோசனைமேல் சந்தேகம் வந்துவிடும்.

விதிகளுக்குக் காத்திருப்பது

மசோதா கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது 'விதிகளில் வகுக்கப்பட்டவாறு' என்ற சொற்றொடரை. எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுவேன். அது வரும் ஒவ்வொரு இடமும் நாடாளுமன்றம் முடிவெடுக்காமல் அமைச்சகத்துக்குத் தள்ளிவிட்ட இடம். சண்டை முடியவில்லை, தள்ளிப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. வரைவு விதிகள் 2025 ஜனவரி 3 அன்றுதான் வெளியாயின. இறுதி விதிகள் நவம்பரில். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2019இலும் 2020இலும் நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. இத்தனை வருட இடைவெளியில் பத்திரிகைகள் மறந்துவிடுகின்றன, எம்.பி.க்கள் அடுத்த மசோதாவுக்குப் போய்விடுகிறார்கள். அமைச்சகத்தில் ஒரு சிறிய பிரிவு உட்கார்ந்து படிவம், கெடு, கட்டணம், விலக்கு என்று எழுதிக்கொண்டிருக்கும். அப்போது கவனித்துக்கொண்டிருப்பவர் குரலுக்கு மதிப்பு அதிகம்.

சட்டரீதியாகவும் பிடி கொஞ்சம் வலுவானது. 'முன்கூட்டி வெளியிட்ட பிறகே' விதி வகுக்க வேண்டும் என்று மூலச் சட்டம் சொன்னால், 1897 பொது ஷரத்துகள் சட்டத்தின் 23ஆவது பிரிவுப்படி வரைவை வெளியிட்டு, வந்த ஆட்சேபங்களை அரசு பரிசீலித்தே ஆக வேண்டும். இது கொள்கை இல்லை, சட்டம். விதி மூலச் சட்டத்தைத் தாண்டிப் போனால் நீதிமன்றத்தில் உடைப்பதும் சட்டத்தை உடைப்பதைவிடச் சுலபம்.

குறை? சட்டத்தில் தெளிவாக எழுதியதை விதி மாற்ற முடியாது. '7 நாட்கள்' என்று சட்டத்திலேயே இருந்துவிட்டால் விதி எழுதுகிறவர் கையைப் பிசைய வேண்டியதுதான்.

மாநிலச் சட்டமா, கணக்கு வேறு

மேலே சொன்னதெல்லாம் டெல்லிக்கு. நம் சட்டமன்றத்தில் மசோதாவை ஆராயும் துறைவாரி நிலைக்குழு கிடையாது. அறிமுகமான கூட்டத்தொடரிலேயே நிறைவேறிவிடும், தேர்வுக் குழுவுக்குப் போவது அபூர்வம். நாலு கட்டத் தாளுக்கு அங்கே வேலை குறைவு, கூட்டணிக்கும் சங்கத்துக்கும் வேலை அதிகம். 12 மணி நேர வேலைக்கு வழிசெய்த தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்களுடன் பேசிய பிறகு 24ஆம் தேதி நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். பத்தே நாள். எந்த வக்கீல் மனுவும் அதைச் சாதித்திருக்காது.

எங்கள் கதையையும் மறைக்கக் கூடாது. அந்த வழக்கறிஞர்கள் வரைவில் நீதிமன்றப் புறக்கணிப்பைத் தடை செய்யும் ஒரு ஷரத்து இருந்தது. ஊருக்கெல்லாம் மனு எழுதிக்கொடுக்கும் நாங்கள் அதற்கு என்ன செய்தோம்? நீதிமன்றத்தைப் புறக்கணித்தோம். பிப்ரவரி 22 அன்று சட்ட அமைச்சகம் கருத்துக் கேட்பையே முடித்துக்கொண்டு, திருத்தி மறுபடி வருவோம் என்றது. தெருவில் இறங்க ஆள் இருப்பவர்களுக்கு அது வேகமான வழி. என் கட்சிக்காரரிடம் இருப்பது அறுபது தொழிலாளர்களும் ஒரு கிடங்கும்.

அதனால் அவருக்கு நான் சொன்னது இது. தனியாகப் போகாதீர்கள், தனியாகக் கேட்டால் சலுகை கேட்பது போலிருக்கும், சங்கம் கேட்டால் தொழிலின் குரலாகக் கேட்கும். சங்கத்தில் பெரிய நிறுவனங்களின் விருப்பம் வேறாக இருந்தால் அவர்களோடு ஒரே மனுவில் கையெழுத்துப் போடாமல், சிறு உற்பத்தியாளர்கள் தனி மனு கொடுங்கள். பணத்தில் பெரும்பகுதியை வரைவுக் கட்டத்தில் செலவழியுங்கள். குழுவுக்குப் போனால் நீங்களே பேசுங்கள். எம்.பி.யிடம் ஒரே ஒரு கேள்வி கொடுங்கள். மிச்சப் பணத்தை விதிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தார். மசோதா குழுவுக்குப் போகவில்லை. கேட்ட 30 நாள் கிடைக்கவில்லை. ஆனால் தாக்கலான வாசகத்தில் 7 என்ற எண்ணைக் காணோம். 'தயாரிப்பாளருக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து, விதிகளில் வகுக்கப்பட்ட காலத்துக்குள்' என்று இருந்தது. எங்கள் தாள்தான் காரணமா, வேறு யாராவது கேட்டார்களா, தெரிந்துகொள்ள வழியில்லை. கட்சிக்காரர் இனிப்போடு வந்தார். ஃபைலை மூடலாமா என்று கேட்டான் ஜூனியர். மூடவில்லை. தினம் காலையில் அரசிதழ் இணையதளத்தைத் திறந்து வரைவு விதிகள் வந்துவிட்டனவா என்று பார்ப்பது இப்போது அவன் வேலை.